2.1 ஸ்பீக்கர்: 1000 வாட் பி.எம்.பி.ஓ.வா, 40 வாட் ஆர்.எம்.எஸ்.ஸா?

நீங்கள் கேட்ட இரண்டு 2.1 செட்டுகளில் (இரு பக்க ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலியான பாஸுக்கு ஒரு சப்வூஃபர்) 40 வாட் ஆர்.எம்.எஸ். செட்டையே வாங்குங்கள். ஆர்.எம்.எஸ். என்பது செட் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்பது கண நேர உச்சத்தைச் சொல்லும் விளம்பரக் கணக்கு, அதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. மேசைமுன் உட்கார்ந்து கேட்க 40 வாட் தாராளம்.

பழைய செட்டில் பேச்சுக்குரல் சப்வூஃபரிலிருந்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் பக்க ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவையாக இருக்கும். 2 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழ்ந்த ஒலிகளில் திணறும். ஆண்குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது, அதையும் சப்வூஃபரே சுமக்கிறது. அதனால் பக்க ஸ்பீக்கர் 3 அங்குலமாவது இருக்கட்டும். சப்வூஃபருக்கு 5 அங்குலம், எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) பெட்டி. பாஸுக்குத் தனிக் குமிழ் கட்டாயம், அது இல்லாத செட்டை விட்டுவிடுங்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை:
1. பாஸ் குமிழை முழுக்கக் குறைத்துச் செய்தி வாசிப்பை ஓடவிடுங்கள். குரல் தகரம்போலக் கேட்டால் வேண்டாம்.
2. பாட்டை நிறுத்தி, ஒலியளவை முழுக்க ஏற்றுங்கள். உட்காரும் தூரத்தில் 'ம்ம்ம்' இரைச்சல் கேட்கக்கூடாது.

வீட்டில் சப்வூஃபரை அறை மூலையில் தள்ளாதீர்கள், பாஸ் வீங்கிக் குரலை மூடிவிடும். தரையில், இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே வையுங்கள்.

ஒன்று மட்டும்: படத்தில் வரும் ஆழமான அதிர்வுகளை, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளவற்றை, 5 அங்குல சப்வூஃபரிடம் எதிர்பார்க்காதீர்கள்.