பிக்கப்பின் முன் சஸ்பென்ஷன்: எந்த அமைப்பு அதிகம் உழைக்கும்?

கேள்வி: பழைய பிக்கப் ஒன்று வாங்கலாம் என்று மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றும் ஃபோர் வீல் டிரைவ். ஒன்றில் முன்பக்கம் சாலிட் ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும். இரண்டாவதில் டார்ஷன் பார். அதை இரண்டு அங்குலம் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். மூன்றாவதில் டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங். என் ஓட்டத்தில் பாதி தார் ரோடு, பாதி கல்லும் குழியுமான மண் பாதை. பின்னால் 700, 800 கிலோ வரை ஏற்றுவேன். சாலிட் ஆக்சில் வாங்கினால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு மூன்றாவது வண்டிதான் பொருத்தம். ஆனால் கீழ் பால் ஜாயின்ட்டை, அதாவது சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் விடும் பந்து மூட்டை, ஜாக்கி போட்டுப் பார்க்காமல் பணம் கொடுத்துவிடாதீர்கள். எப்படிப் பார்ப்பது என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் மூன்றும் எங்கே தேய்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

உழைப்பு என்றதும் நாம் இரும்பின் கனத்தைப் பார்க்கிறோம். ஆக்சில் எவ்வளவு தடிமன், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் ஆர்ம் எவ்வளவு அகலம் என்று. ஆனால் ஆக்சில் வளைந்தோ ஆர்ம் முறிந்தோ பட்டறைக்கு வரும் வண்டிகள் குறைவு. வருவதெல்லாம் பால் ஜாயின்ட், புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை), டை ராடு (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு) முனை, ஷாக் அப்சார்பர், வீல் பேரிங் என்று அசையும் இடங்கள் தேய்ந்த வண்டிகள்தான். அதனால் மூட்டுகள் எத்தனை, எவ்வளவு பெரியவை, பாரம் அவற்றின் மேல் எந்தத் திசையில் விழுகிறது, உள்ளே கிரீஸ் இருக்கிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையா, காயிலா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இன்னொன்று, பின்னால் ஏற்றும் 800 கிலோவை நினைத்து முன்பக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். பிக்கப்பின் தொட்டி ஏறத்தாழப் பின் ஆக்சிலின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பாரத்தின் பெரும்பகுதியைப் பின் சக்கரங்கள் வாங்கிக்கொள்கின்றன. பின் ஆக்சிலைத் தாண்டிப் பாரம் ஏற்றினால் முன்பக்கம் லேசாகவே ஆகும். முன் சஸ்பென்ஷனைத் தேய்ப்பவை எஞ்சினின் எடை, பிரேக் போடும்போது முன்னால் சாயும் எடை, குழியில் விழும் அடி. அப்புறம், வாங்கிய பிறகு முன்னால் மாட்டும் இரும்பு பம்பர், வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் கயிற்றுச் சுருள்) போன்றவை. வின்ச்சும் கனமான பம்பரும் முன் ஆக்சிலுக்கும் முன்னால் தொங்குவதால், அவற்றின் சொந்த எடையைவிடக் கூடுதலாகவே முன் சக்கரங்களில் இறங்கும்.

சரி, சாலிட் ஆக்சில். இதற்கு இருக்கும் நல்ல பெயருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பு இணைக்கிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து மேலும் கீழும் போனால் சக்கரத்தின் கேம்பர், அதாவது பக்கவாட்டுச் சாய்வு, மாறுவதில்லை. வண்டியின் எடையை ஸ்பிரிங் நேராக ஆக்சிலில் இறக்குகிறது. மூட்டுகளும் குறைவு. அதனால்தான் கனரக பிக்கப்களில் இது இன்னும் இருக்கிறது. ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் முன்பக்கம் சாலிட் ஆக்சில்தான்; 2005 மாடலில் பட்டைக்குப் பதில் காயில் வந்தது, ஆக்சில் மாறவில்லை. லேண்ட் குரூசர் 70 வரிசையிலும் 1999-ல் முன்பக்கப் பட்டை போய்க் காயில் வந்தது, ஆக்சில் அப்படியே நின்றது.

ஆனால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பது உண்மையில்லை. சாலிட் ஆக்சிலிலும் சக்கரம் திரும்ப வேண்டுமே. அதற்குக் கிங்பின் என்ற அச்சாணியோ பால் ஜாயின்ட்டோ இருக்கும், அது தேயும். பழைய ஹைலக்ஸ், லேண்ட் குரூசர் போன்ற வண்டிகளில் ஆக்சில் முனையில் இரும்பு உருண்டை ஒன்று வெளியே தெரியும். அதைச் சுற்றித்தான் சக்கரம் திரும்புகிறது. உள்ளே இருக்கும் ஆக்சில் சீல் போனால் டிஃப்ரென்ஷியல் ஆயில் அந்த உருண்டைக்குள் இறங்கி, கிரீஸைக் கரைத்துக் கறுப்புக் கூழாக்கிவிடும். அந்தக் கூழ் உருண்டையின் அடியில் வழிந்து டயரின் உட்பக்கம் தெறித்திருந்தால், பேரிங் கிரீஸில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். முதல் வண்டியில் நீங்கள் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பட்டையிலும் கவனிக்க வேண்டியது உண்டு. ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்தால் ஆக்சிலின் முழு இழுவையும் பட்டைகளைக் கோர்க்கும் நடு போல்ட்டின் மேல் விழும். அது அதற்காகச் செய்யப்பட்டதில்லை, ஒரு நாள் அறுந்துவிடும். ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் தேய்ந்தால் ஸ்டியரிங் நேராக நிற்காது. இவையெல்லாம் மலிவான, சுலபமான வேலைகள் என்பது சாலிட் ஆக்சிலின் உண்மையான பலம். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை தார் ரோட்டில் தெரியும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை அதிகம், ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மறுபக்கமும் சாயும். பாதி ஓட்டம் தார் ரோட்டில் என்கிறீர்கள். அந்தக் குலுக்கல் வண்டிக்கு மட்டுமல்ல, உங்கள் முதுகுக்கும்தான்.

இனி டபுள் விஷ்போன். மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம், நடுவில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள். ஒரு பக்கத்துக்குப் பால் ஜாயின்ட் இரண்டு, ஆர்ம் புஷ் பெரும்பாலும் நான்கு. இந்த இரண்டு பால் ஜாயின்ட்டுக்கும் வேலை ஒன்றல்ல. ஸ்பிரிங் எந்த ஆர்மில் உட்காருகிறதோ அந்த ஆர்மின் பால் ஜாயின்ட்தான் வண்டியின் எடையைச் சுமக்கும்; மற்றது சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்க மட்டும். காயில் ஸ்பிரிங் பிக்கப்களில் ஸ்பிரிங் பெரும்பாலும் கீழ் ஆர்மில்தான் இருக்கும். அதனால் முதலில் போவது கீழ் பால் ஜாயின்ட்.

அந்தச் சுமை எந்தத் திசையில் விழுகிறது என்பது ரொம்ப முக்கியம். ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளுகிறது, தரை நக்கிளை மேலே தள்ளுகிறது. ஜாயின்ட்டுக்கு மேலே ஆர்ம் இருந்தால் பந்து அதன் கிண்ணத்தோடு அழுத்தப்படும்; தேய்ந்தாலும் சட்டென்று கழன்றுவிடாது. ஆர்ம் ஜாயின்ட்டுக்குக் கீழே இருந்தால் பந்து கிண்ணத்திலிருந்து வெளியே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். தேய்மானம் முற்றினால் பந்து பிடுங்கிக்கொண்டு வரும், சக்கரம் மடிந்துவிடும். டொயோட்டாவின் முதல் தலைமுறை டகோமாவில் கீழ் பால் ஜாயின்ட் இப்படி இழுவையில் இருந்தது. சில ஜாயின்ட்களில் தயாரிப்பின்போதே பந்தின் மேல் கீறல் விழுந்து சீக்கிரம் தேய்ந்ததால், 2005-ல் டகோமா உள்ளிட்ட லட்சக்கணக்கான வண்டிகளை டொயோட்டா திரும்ப அழைத்துச் சரிசெய்தது. இழுவையில் இருக்கும் ஜாயின்ட் என்றால் அந்த வண்டி கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஜாயின்ட்டைச் சத்தம் வரும் வரை விட்டுவைக்கக் கூடாது. கம்பெனி பாகத்தையே போட்டு, காலத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

டார்ஷன் பார் என்பதும் பெரும்பாலும் டபுள் விஷ்போன்தான், காயிலுக்குப் பதில் ஒரு நீளமான இரும்புத் தண்டு. ஒரு முனை ஆர்மில், மறுமுனை சேஸிஸில். சக்கரம் ஏறினால் தண்டு ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளும், திரும்ப விடுபடும். தண்டின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 10 சதவீதம் தடிமன் கூடினால் கடினம் ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும். இந்த அமைப்பு பலவீனமானதும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 2007 வாக்கில் தன் லேசான பிக்கப்களைக் காயிலுக்கு மாற்றியபோதும், கனரக 2500, 3500 வண்டிகளில் டார்ஷன் பாரையே வைத்துக்கொண்டது. அதே வேலைக்கு ஃபோர்டு சாலிட் ஆக்சில் போடுகிறது. இரண்டும் ஒரே மாதிரிப் பாரம் இழுக்கின்றன.

டார்ஷன் பாரில் சிக்கல், அதை உயர்த்துவது ரொம்பச் சுலபம் என்பதுதான். பின்முனையில் ஒரு போல்ட்டை இறுக்கினால் போதும், முன்பக்கம் எழும்பிவிடும். பலர் ஸ்பிரிங் வலுவாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். இல்லை, தண்டின் கடினம் துளியும் மாறவில்லை. சக்கரம் நிற்கும் இடம் மட்டும் கீழே போய்விட்டது. இரண்டு அங்குலம் உயர்த்தியவர், சக்கரம் குழிக்குள் இறங்க வேண்டிய தூரத்தில் இரண்டு அங்குலத்தைப் பறித்துவிட்டார். இப்போது சின்னக் குழியில்கூட ஆர்ம் அதன் ரப்பர் ஸ்டாப்பரில் போய் 'டங்' என்று இடிக்கும். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் தண்டின் ஜாயின்ட் சாய்ந்த கோணத்தில் சுழல்வதால் அதன் ரப்பர் உறை மடிப்பில் கிழியும். பால் ஜாயின்ட்டும் டை ராடும் தங்கள் எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கும். இரண்டாவது வண்டியில் அந்த ரப்பர் ஸ்டாப்பரைக் கையால் தொட்டுப் பாருங்கள். நசுங்கிப் பளபளத்தோ பிய்ந்தோ இருந்தால் நிறைய அடி வாங்கியிருக்கிறது. போல்ட்டைத் தளர்த்திப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து அலைன்மென்ட் செய்யலாம், அது அரை நாள் வேலை. தேய்ந்த மூட்டுகள் அதனால் திரும்ப வராது. தண்டைக் கழற்றினால் இடது வலது மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றும் ஒரு திசை முறுக்குக்குப் பழக்கப்படுத்தியது, முனையில் குறியும் இருக்கும்.

காயில் வண்டியிலும் உயர்த்தும் ஆசை உண்டு. ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் உட்காருவதால், மேலே ஓர் அங்குல ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் இரண்டு அங்குலம் வரை ஏறும். அதே கணக்குப்படி, ஸ்பிரிங்கும் ஷாக்கின் கீழ்ப் புஷ்ஷும் சக்கரம் சுமப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுமக்கின்றன. அந்தப் புஷ் சீக்கிரம் போவதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது வண்டியில் ஸ்பேசர் இருந்தால் மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும்.

கார் அடித்தளத்தில் செய்த சின்ன பிக்கப்களில் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண், இருக்கும். ஹோண்டா ரிட்ஜ்லைன், ஃபோர்டு மேவரிக் போல. அதில் எடை நக்கிள் வழியாக நேராக ஸ்ட்ரட்டுக்குப் போவதால் கீழ் பால் ஜாயின்ட்டுக்குப் பாரம் இல்லை. தேய்வது மேல் மவுன்ட்டும் ஷாக் சீலும். உங்கள் மூன்றில் அது இல்லை, விட்டுவிடலாம்.

இப்போது சோதனை. ஸ்பிரிங் கீழ் ஆர்மில் இருக்கும் வண்டியில் ஜாக்கியைச் சேஸிஸுக்கு அடியில் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் ஸ்பிரிங் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது. கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயின்ட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே வைத்து டயரைத் தரையிலிருந்து தூக்குங்கள். டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையை நுழைத்து மெதுவாக நெம்புங்கள். ஒருவர் நெம்ப, இன்னொருவர் ஜாயின்ட்டின் மேல் விரல் வைத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத 'டொக்' விரலுக்குத் தெரியும். அப்புறம் டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட். இடம் வலமாக ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால் டை ராடைப் பாருங்கள்.

ஜாயின்ட்டின் ரப்பர் உறையையும் விளக்கடித்துப் பாருங்கள். ஆட்டமே இல்லாமல் உறை மட்டும் கிழிந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மண் பாதையில் தண்ணீரும் மணலும் உள்ளே போனால் அது நெடுநாள் தாங்காது. புதிதாகப் போடும்போது கிரீஸ் நிப்பிள் உள்ளது கிடைத்தால் அதை வாங்குங்கள். கிரீஸ் அடிக்கும்போது உறை லேசாக உப்பியதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் அடித்தால் உறையே பிளந்துவிடும்.

ஆர்ம் புஷ் மாற்றும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுவது பல இடங்களில் வழக்கம். ரப்பர் புஷ் அந்தத் தொங்கும் நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டியை இறக்கியதும் அது எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், நல்ல புஷ்கூடச் சீக்கிரம் கிழிந்துவிடும். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்திய பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். அலைன்மென்ட் அதற்கு அப்புறம்தான்.

மூன்றாவது வண்டியில் கீழ் ஜாயின்ட் ஆடினால் அதற்காக வண்டியைத் தள்ளிவிட வேண்டாம். இரண்டு பக்கமும் ஜாயின்ட், புஷ், அலைன்மென்ட்டுக்கு ஆகும் செலவைக் கேட்டு விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். ஆர்ம் சேஸிஸில் மாட்டும் தாங்கியில் விரிசலோ வெல்டிங் ஒட்டோ தெரிந்தால் மட்டும் வேண்டாம். அப்போது முதல் வண்டியைப் போய்ப் பாருங்கள், அந்த உருண்டையின் அடியில் கறுப்புக் கூழ் இல்லையென்றால்.