மாடியில் வீடு, கீழே கல்யாணம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பாளையங்கோட்டையில் அரசு மனை பிரித்துக் கொடுத்த காலனி ஒன்றில் நாற்பது வருஷமாக இருக்கிறேன். காலனி நடுவே ஒரு சமுதாய நலக்கூடம், அதை ஒட்டிக் கிளை நூலகம், பின்னால் பிள்ளைகள் பந்து விளையாடும் திடல். கூடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழை வந்தால் நூலகத்தில் வாளி வைக்கிறார்கள். எல்லாவற்றையும் இடித்துவிட்டு, கீழே கூடமும் நூலகமும், மேலே நாலு மாடிக்கு ஏழைகளுக்கான வீடுகளும் கட்டலாம் என்று பேச்சு அடிபடுகிறது.

காலனி ரெண்டுபட்டுக் கிடக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வருகிறது, இதில் இன்னும் இத்தனை குடும்பமா என்கிறது ஒரு கட்சி. இடிந்து விழுகிறதைக் கட்டித் தந்தால் என்ன நஷ்டம் என்கிறது இன்னொரு கட்சி. கூட்டத்தில் ஒருவர், "யாரு எவருன்னு தெரியாம காலனிக்குள்ள விட்டுருவியளோ?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எதிர்ப்பு மனுவில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சிகாகோவில் இருக்கும் என் மகன், அங்கே நூலகத்துக்கு மேலேயே வீடு கட்டியிருக்கிறார்கள், உங்களுக்குத்தான் மனசு விரியவில்லை என்கிறான். நான் சுயநலக்காரனா?

பெயர் வேண்டாம்,
பாளையங்கோட்டை

அன்புள்ள சார்வாள்,

உங்கள் மகன் சொல்வது உண்மைதான். சிகாகோவில் 2019இல் அப்படி மூன்று நூலகங்கள் திறந்தார்கள். அதில் ஒன்றில் நூலகத்துக்கு மேலே முதியவர்களுக்கென்று 44 வீடுகள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலும் ஒரு பழைய கிளை நூலகத்தை இடித்து, அதைவிடப் பெரிய நூலகமும் மேலே 49 வீடுகளும் கட்டினார்கள். வேலை முடிய வருஷக்கணக்கில் ஆனது. அதுவரை பழைய நீதிமன்றக் கட்டடம் ஒன்றில் தற்காலிக நூலகம் நடந்தது. உங்கள் மகனிடம் இதையும் கேட்டுப் பாருங்கள். மாடி வீட்டைப் பற்றிச் சொல்கிறவர்கள் அந்தத் தற்காலிக நூலகத்தைப் பற்றிச் சொல்வதில்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு படிப்பகம் இருந்தது. ஆறே மாதத்தில் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று இடித்தார்கள். எந்த அலுவலகம் என்பது இப்போது எதற்கு? நான் கல்லூரி முடித்து வந்தபோது அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு உடைமரம் நின்றது. அதிலிருந்து 'இடித்துவிட்டுக் கட்டுவோம்' என்று யார் சொன்னாலும் எனக்கு முதல் பாதிதான் காதில் விழுகிறது.

ஆனால் சிகாகோவுக்கும் நமக்கும் முக்கியமான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே வீட்டுக்குக் கீழே இருப்பது நூலகம். உங்கள் திட்டத்தில் கீழே இருப்பது கல்யாணக் கூடம். நம்மூர் விசேஷம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சமையலுக்கு வருகிற தவசுப்பிள்ளை முந்தின நாள் சாயங்காலமே பாத்திரம் இறக்கிவிடுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆக்குப்புரையில் தேங்காய் துருவ ஆரம்பிப்பார்கள். விடியுமுன் மேளம். மறுநாள் சொதிச் சாப்பாடு வரைக்கும் சத்தம் ஓயாது. இதற்கு மேலே நாலு மாடியில் கைக்குழந்தைக்காரியும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தவரும் தூங்க வேண்டும். ஒரு வருஷம் பொறுப்பார்கள். அப்புறம் மேளம் கூடாது என்பார்கள், அடுத்து அடுப்பு கூடாது என்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும். கடைசியில் அது கூட்டம் போடுகிற அறையாகிவிடும். ஏசி மண்டபத்துக்கு லட்சம் கொடுக்க முடியாதவன் மகள் சடங்கை வேறு எங்கே வைப்பான்?

அதனால் என் கட்சி இதுதான்: நூலகத்துக்கு மேலே வீடு வரட்டும். கூடமும் அதன் ஆக்குப்புரையும் தனியே நிற்கட்டும். நாலு வீடு குறைந்தாலும் பரவாயில்லை.

திடலும் கட்டடத்துக்குப் போய்விடுமோ என்கிற விஷயத்தை உணர்ச்சியை விட்டுவிட்டுக் காகிதத்தில் பாருங்கள். காலனிக்கு அங்கீகாரம் கொடுத்த மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த இடத்துக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறது? 'பூங்கா' அல்லது 'விளையாட்டுத் திடல்' என்று இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் உச்ச நீதிமன்றமே செல்லாது என்றது. வழக்குப் போட்டது அங்கே குடியிருந்தவர்கள்தான். 'பொது உபயோகம்' என்று மட்டும் இருந்தால் வழக்கு அவ்வளவு சுலபமில்லை. 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபட நகல் கேளுங்கள். கூட்டத்தில் நாலு மணி நேரம் கத்துவதைவிட அந்த ஒரு தாள் பேசும்.

இனி, உங்களுக்குச் சுருக்கென்ற அந்தக் கேள்வி.

2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி கரை புரண்டபோது கொக்கிரகுளமும் வண்ணாரப்பேட்டையும் முங்கிக் கிடந்தது நினைவிருக்கும். அப்போது மேட்டில் இருந்த வேறொரு காலனியின் கூடத்துக்கு நான் அரிசி மூட்டை கொண்டுபோனேன். உங்கள் கூடத்தைப் போலவே காரை பெயர்ந்த கூடம். ஆற்றோரத் தெருக்காரர்கள் நனைந்த பாயோடு வரிசையாகப் படுத்திருந்தார்கள். அந்தத் தெருப் பெண்கள்தான் அந்தக் காலனியில் பாதி வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கிறவர்கள், வாசல் பெருக்குகிறவர்கள். 'யாரு எவரு' என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. காலனி ஆச்சிகள் முறை வைத்துச் சாம்பார் வைத்தார்கள். மாடி வீட்டுக்கு வரப்போகிறவர்களும் இதே மாதிரி ஆட்கள்தான், சார்வாள். மூணு நாள் பாய் விரிக்க விட்டவர்களுக்கு முப்பது வருஷம் கதவு வைத்துக் கொடுக்க மட்டும் ஏன் பயம்?

உங்கள் காலனி வருவதற்கு முன் அது உடங்காடு, உடைமரக் காடு. ஆடு மேய்த்தவர்கள் இருந்தார்கள். மனை கிடைத்து நீங்கள் குடிவந்தபோது, எங்கிருந்தோ வருகிற உத்தியோகஸ்தர்கள் என்று அவர்களும் திண்ணையில் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

தண்ணீர்ப் பிரச்சினை நிஜம். அதை மறைக்க வேண்டாம். ஆனால் 'தண்ணீர் இல்லை, அதனால் வராதே' என்று எழுதினால் அது ஒரு மனு. 'தொட்டியும் குழாயும் போட்ட பிறகு மாடி எழுப்பு' என்று எழுதினால் அது வேறு மனு. முதலாவதில் கையெழுத்துப் போட்டதால்தான் உங்களுக்கு மனசு உறுத்துகிறது என்று நினைக்கிறேன். சுயநலமா என்று கேட்டீர்கள். கொஞ்சம் உண்டு. திடலில் பேரன் விளையாட வேண்டும் என்று நினைப்பதும் அதில் சேர்த்தி, அதற்கு வெட்கப்பட வேண்டாம். கையெழுத்தை வாபஸ் வாங்காதீர்கள். இரண்டாவது மனுவை நீங்களே எழுதுங்கள். உங்களிடம் படித்தவர்கள் இந்நேரம் நாலு அலுவலகத்திலாவது இருப்பார்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகக் கட்டுகிறோம். வாளி வைத்திருக்கிற அந்த நூலகத்தில் காலையிலேயே குரூப் 4 படிக்கிற பிள்ளைகள் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்களே, இடிக்கிற நாளிலிருந்து அவர்கள் மேசை எந்தக் கட்டடத்தில், எந்த விலாசத்தில் இருக்கும்? அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து இதைக் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.