ஆடிச் சோளகத்தை மைதானப் புல் தாங்குமா?

கேள்வி: ஐயா, எங்கள் கழக மைதானத்து அறுகு ஆனி, ஆடியில் கருகி வெறும் தரையாகிவிடுகிறது. நுண்ணங்கிக் கரைசல் ஊற்றினால் வெக்கையையும் வறட்சியையும் தாங்கும் என்கிறார்கள். வாங்கலாமா?
– கழகச் செயலாளர், விசுவமடு

பதில்: வாங்கலாம் தம்பி. ஆனால் ஆடியில் ஊற்றாதீர்கள். விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் நானே அந்தப் பிழையை விட்டேன். கடை வாசலில் வெயில் பட்டுக் கிடந்த போத்தலை வாங்கி, உச்சி வெயிலில், காய்ந்த தரையில் ஊற்றினேன். ஒரு பலனும் இல்லை. உள்ளே இருந்தது உயிர். அது அங்கேயே செத்திருக்கும்.

முதலில் கோல் கம்பத்தடியில் ஒரு பிடி, வேலியோரம் ஒரு பிடி அறுகை மண்வெட்டியால் கிண்டிப் பாருங்கள். போன கிழமை எங்கள் ஊர் மைதானத்தில் பார்த்தேன். கோலடியில் வேர் இரண்டு விரற்கடை. வேலியோரம் ஒரு சாணுக்கு மேலே, மண்ணை இறுகப் பிடித்தபடி வந்தது. மிதிபடாத அப்படியான மண்ணில்தான் வேரோடு கூடி வாழும் பூஞ்சையான வேர்ப்பங்கசு நன்றாக வாழும். வேருக்குள் புகுந்து, மயிரைவிட மெல்லிய நூல்களை வெளியே விட்டு, வேர் நுழையாத இடுக்கிலுள்ள ஈரத்தையும் பொசுபரசையும் உறிஞ்சிக் கொடுக்கும். கூலியாகப் புல்லிடம் சீனி வாங்கும். சில பற்றீரியாக்களின் வேலை வேறு. தண்ணீர் குறைந்தால் புல்லுக்குள் எதிலீன் என்ற ஓமோன் கூடி வேர் வளர்ச்சி தடைப்படும். அந்த எதிலீனுக்கான மூலப்பொருளை இவை உடைத்துவிடுவதால் வேர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.

வெக்கைக்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காச் சுடுமண்ணில் வளரும் ஒரு புல், தனியே 40 பாகை செல்சியசு வெப்பத்தைத் தாண்டாது. தன்னுள் வாழும் பங்கசோடு 65 பாகையையும் தாங்கும். அந்தப் பங்கசுக்குள் ஒரு வைரசும் இருக்கவேண்டும் என்று 2007இல் கண்டார்கள். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆனால் அதைச் சொல்லி உங்களிடம் போத்தல் விற்க வந்தால் நம்பாதீர்கள். அறுகுக்கு வரும் கரைசல் அதுவல்ல.

சரி, ஐப்பசி மழையில் மண் இளகியதும் தரையில் துளை குத்தி, உக்கிய மாட்டெருவோடு வேலியோரத்து வேர்மண்ணில் ஒரு கடகம் கலந்து தூவுங்கள். கரைசலைப் பின்னேரம் கிணற்றுத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். குளோரின் தண்ணீர் கூடாது. ரி.எஸ்.பி. என்ற பொசுபரசு உரத்தை அள்ளிப் போட்டால் பங்கசு வேரில் பிடிக்காது. புல்லை ஒட்ட வெட்டவும் வேண்டாம், இலை போனால் சீனியும் போய்விடும். மாரி முழுக்கக் கோல் கம்பத்தை வேறு பக்கம் நட்டு விளையாடச் சொல்லுங்கள்.

மாசிக் கடைசியில் பழைய கோலடியில் மறுபடி ஒரு பிடி கிண்டி, வேரை அளந்து எனக்கு எழுதுங்கள்.