மூன்று முறையும் நெகட்டிவ்: என் உடம்பிலேயே ஹெச்.ஐ.வி. எதிர்ப்பு இருக்கிறதா?

கேள்வி: எனக்கு 34 வயது. என் கணவருக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது நான்கு ஆண்டுகளுக்கு முன் தெரியவந்தது. அன்றிலிருந்து வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறார். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் குடும்பம் நடத்தினோம். எனக்கு மூன்று முறை பரிசோதித்தும் நெகட்டிவ். சிலருடைய செல்லுக்குள் ஹெச்.ஐ.வி. நுழையவே முடியாது என்று படித்தேன். நானும் அப்படிப்பட்டவளா என்று பார்க்கப் பரிசோதனை உண்டா? எதிர்ப்பு இருந்தால் ஆணுறையை விட்டுவிடலாமா?

பதில்: பரிசோதனை உண்டு. ஆனால் அதன் முடிவு எப்படி வந்தாலும் ஆணுறை விஷயத்தில் உங்களுக்கு உதவாது. அதற்கான பதில் உங்கள் கணவரின் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, ரிப்போர்ட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் படித்தது சிசிஆர்5 மரபணுவைப் பற்றியதாக இருக்கும். ஹெச்.ஐ.வி. ஒரு செல்லுக்குள் நுழைய இரண்டு பிடிகள் வேண்டும். முதலில் சிடி4 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அடுத்து, பெரும்பாலும், சிசிஆர்5 என்ற புரதத்தை. இந்த இரண்டாவது புரதத்துக்கான மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப் பிறப்பவர்கள் உண்டு. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்தக் குறைப் பிரதியே வந்து சேர்ந்தவர்களின் செல்கள் மேல் சிசிஆர்5 இருக்காது. வைரஸுக்குப் பிடி கிடைக்காது. 1996-ல் இது தெரியவந்தது. வட ஐரோப்பிய வம்சாவளியில் நூற்றில் ஒருவருக்கு இப்படி இருக்கலாம். தெற்காசியர்களிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் மிக மிக அபூர்வம். ரத்தப் புற்றுநோய்க்காக 2007-ல் பெர்லினில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்ற டிமதி ரே பிரவுனுக்கு, இப்படிப்பட்ட ஒருவரின் செல்களைத்தான் தேடிப்பிடித்துக் கொடுத்தார்கள். ஹெச்.ஐ.வி.யிலிருந்து முழுதாக மீண்ட முதல் மனிதர் அவர்.

இவ்வளவு பலமான கவசத்திலும் ஓட்டை உண்டு. சில வைரஸ் வகைகள் சிசிஆர்5-ஐ விட்டுவிட்டு சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு புரதத்தைப் பிடித்து நுழைந்துவிடும். இரண்டு பிரதிகளும் குறைபட்டவர்களுக்கே தொற்று வந்ததுண்டு. அதனால்தான் இந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்கிறேன்.

வாசலைத் தாண்டிய பிறகும் செல் சும்மா இருப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹெச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.வாக நகலெடுத்தால்தான் நம் மரபணுவோடு கலக்க முடியும். நகலெடுக்கத் தேவையான மூலப்பொருளையே சாம்ஹெச்டி1 என்ற புரதம் சிதைத்துவிடும். ஓய்வில் இருக்கும் செல்லில் வைரஸ் பட்டினி கிடக்கும். ஏபோபெக்3ஜி இன்னும் கெட்டிக்காரப் புரதம். புதிதாக உருவாகும் வைரஸுக்குள் ஒளிந்துகொண்டு அடுத்த செல்வரை கூடவே போகும். அங்கே நகலெடுப்பு தொடங்கியதும் எழுத்துகளை மாற்றிவிடும். பிழை மலிந்த அந்த நகலால் பயனில்லை. டெதரின் என்று மற்றொன்று, வெளியேறப் பார்க்கும் வைரஸைச் செல்லின் தோலோடு கட்டிப்போடும்.

இத்தனையும் உங்களிடம் இருக்கிறது. என்னிடமும், உங்கள் கணவரிடமும் இருக்கிறது. இருந்தும் அவருக்குத் தொற்று வந்ததே, ஏன்? ஹெச்.ஐ.வி. ஒவ்வொன்றுக்கும் பதிலோடு வருகிறது. விஃப் என்ற தன் புரதத்தால் ஏபோபெக்3ஜியைச் செல்லின் குப்பைக்கூடைக்கே அனுப்பிவிடும். விபியு என்ற புரதம் டெதரினை அகற்றும். சாம்ஹெச்டி1-க்கு மட்டும் அதனிடம் நேரடி ஆயுதம் இல்லை. ஆகவே ஓய்வெடுக்கும் செல்களை விட்டு, விழிப்பாகச் செயல்படும் சிடி4 செல்களை (சிடி4 புரதம் உள்ள நோய் எதிர்ப்புச் செல்களை) தேடிப்போகிறது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் என்று விற்கப்படும் பொடிகளை ஹெச்.ஐ.வி.க்குக் கேடயமாக நம்பாதீர்கள். தூண்டப்பட்ட செல்தான் அதற்கு வசதியான இரை.

மற்ற வைரஸ்களோடும் இதே இழுபறிதான். 1957-ல் கண்டுபிடிக்கப்பட்ட இன்டர்ஃபெரான், தொற்று வந்த செல் அக்கம்பக்கத்துச் செல்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை. அது கிடைத்ததும் அவை ஐஎஃப்ஐடிஎம்3 போன்ற புரதங்களைக் குவித்து ஃப்ளூ வைரஸை உள்ளே விடாமல் தடுக்கப் பார்க்கும். அந்த எச்சரிக்கை போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பது கோவிட் காலத்தில் தெரிந்தது. உயிருக்குப் போராடிய நோயாளிகளில் சுமார் பத்தில் ஒருவரின் உடம்பு தன் இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகளை உண்டாக்கியிருந்தது.

அப்படியானால் உங்களுக்கு ஏன் தொற்றவில்லை? மருந்து எடுக்காத, ஹெச்.ஐ.வி. உள்ள ஆணிடமிருந்து பெண்ணுக்கு ஒரு முறை உறவில் தொற்றும் வாய்ப்பு, சராசரியாகப் பத்தாயிரத்துக்கு எட்டு. வாரம் இரண்டு முறை, மூன்று ஆண்டு என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் நிலையில் இருந்த ஐந்து பெண்களில் ஒருவருக்குத் தொற்று வந்திருக்கும், நான்கு பேருக்கு நெகட்டிவ். தொற்று புதிதாக வந்த வாரங்களில் இந்த ஆபத்து பல மடங்கு ஏறும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் நீங்கள் அந்த நால்வரில் ஒருவர் என்பதற்கு விசேஷ மரபணு எதுவும் தேவையில்லை.

கடைசி நான்கு ஆண்டுகள் உங்களைக் காத்ததில் அவருடைய மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. 2016-ல் வெளியான பார்ட்னர் ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 888 ஜோடிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு. தொற்றுள்ளவரின் வைரல் லோடு ஒரு மில்லிலிட்டருக்கு 200-க்குக் கீழே. துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவர்கூட இல்லை.

ஆகவே அவருடைய கடைசி வைரல் லோடு எண்ணைக் கேளுங்கள். மாத்திரை விடாமல் சாப்பிட்டு, குறைந்தது ஆறு மாதமாக அது 200-க்குக் கீழே நிலைத்திருந்தால், அவர் மருத்துவரோடு பேசிவிட்டு ஆணுறையை விடலாம், குழந்தைக்கும் திட்டமிடலாம். இந்த உறுதி உடலுறவுக்கு மட்டும்தான், ஊசி பகிர்வதற்குப் பொருந்தாது. எண் தெரியவில்லை, அல்லது மாத்திரை அடிக்கடி விட்டுப்போகிறது என்றால் ஆணுறை தொடரட்டும்; தொற்று வராமலிருக்க நீங்கள் சாப்பிடக்கூடிய தடுப்பு மாத்திரையான பிரெப் பற்றியும் கேளுங்கள். அந்த நிலையில் ஆணுறை கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், பெப் எனும் அவசரத் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும்.

உங்கள் மூன்றாவது பரிசோதனை எப்போது எடுத்தது என்று எழுதவில்லை. பாதுகாப்பில்லாத கடைசி உறவுக்கு மூன்று மாதம் கழித்து எடுத்ததென்றால், பழைய கணக்கு அதோடு முடிந்தது.