முடங்கிக் கிடக்கும் வளர்ச்சிக் காரணியைச் செல் எப்படி எழுப்புகிறது? – கேள்வி பதில்

செல்லுக்கு வெளியே செயலற்ற நிலையில் இருப்பு வைக்கப்படும் வளர்ச்சிக் காரணிகள் (செல்களுக்குச் செய்தி சொல்லித் தூண்டும் புரதங்கள்) பற்றி வந்த கேள்விகள் இவை. பெரும்பாலோர் டிஜிஎஃப்-பீட்டா (TGF-β) என்ற காரணியைப் பற்றியே கேட்டிருப்பதால் பதில்களும் அதைச் சுற்றியே இருக்கும்.

கேள்வி: தேவைப்படும்போது தயாரித்துக்கொண்டால் போதாதா? ஏன் முன்கூட்டியே செய்து வெளியே போட்டு வைக்க வேண்டும்?

மரபணுவைப் படித்து, புரதம் செய்து, வெளியே அனுப்ப நேரம் பிடிக்கும். காயம் அதுவரை காத்திருக்காது. அதைவிட முக்கியம், இடம். முழு வீரியத்தோடு வெளியே விட்டால் காரணி நாலாபக்கமும் பரவி, வேண்டாத செல்களையும் தூண்டிவிடும். முடக்கிய நிலையில் திசுவெங்கும் சேர்த்து வைத்துவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் எழுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் எவ்வளவு தயாரானது என்பதைவிட எங்கே எழுப்பப்பட்டது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

கேள்வி: ஃபியூரின் நொதி அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது என்று பாடத்தில் இருக்கிறது. வெட்டிய பிறகும் ஏன் வேலை செய்வதில்லை?

வெட்டுப்பட்டாலும் துண்டுகள் பிரிவதில்லை. டிஜிஎஃப்-பீட்டாவின் ஒரு வகையான டிஜிஎஃப்-பீட்டா1 முதலில் 390 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாக உருவாகிறது. கடைசி 112தான் காரணி. அதற்கு முன்னால் உள்ள 'லேப்' என்ற துண்டு, வெட்டுப்பட்ட பிறகும் காரணியைச் சுற்றி வளைத்துப் பிடித்து, ஏற்பி (காரணியின் செய்தியை வாங்கும் செல் புரதம்) தொட வேண்டிய பரப்பை மூடிவிடுகிறது. 2011ல் வெளியான படிக அமைப்பில் இந்தப் பிடியைத் தெளிவாகவே பார்க்கலாம். போதாததற்கு, செல்லை விட்டுக் கிளம்பும் முன்பே எல்டிபிபி என்ற பெரிய புரதம் லேப்போடு சேர்ந்துகொள்கிறது. அது வெளியே போய், செல்களைச் சுற்றியுள்ள ஃபைப்ரில்லின், ஃபைப்ரோனெக்டின் இழைகளில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: இன்டக்ரின் அதை இழுத்து எழுப்புகிறது என்கிறார்களே, நிஜமாகவே இழுக்கிறதா?

நிஜமாகவே இழுக்கிறது. இன்டக்ரின் என்பது செல்லின் மேற்பரப்பில் இருந்து வெளியே உள்ளதைப் பிடித்துக்கொள்ளும் புரதம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். லேப்பில் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ஓரிடம் உண்டு. ஆல்பா-வி பீட்டா-6 என்ற வகை இன்டக்ரின் அதைப் பற்றிக்கொள்ளும். இன்டக்ரினின் வால் செல்லுக்குள் ஆக்டின் இழைகளோடு இணைந்திருக்கிறது. ஆக்டின் சுருங்கினால் லேப் இழுபடும். ஆனால் ஒரு முனை முளையில் கட்டியிருந்தால்தானே மறுமுனையை இழுக்கும்போது கயிறு விறைக்கும்? அந்த முளைதான் எல்டிபிபி ஒட்டியிருக்கும் இழை. இரண்டு பக்கமும் பிடி இருப்பதால் லேப் உருக்குலைந்து, காரணி விடுபடுகிறது. இன்டக்ரினின் வாலை நறுக்கிவிட்டால், லேப்பைப் பிடிக்கும், எழுப்பாது.

2007ல் எலிகளில் அந்த மூன்றில் கடைசி அமினோ அமிலத்தை மட்டும் குளூட்டமிக் அமிலமாக மாற்றிப் பார்த்தார்கள். முடங்கிய காரணி வழக்கமான அளவில் தயாரானது. ஆனாலும் டிஜிஎஃப்-பீட்டா1 மரபணுவே இல்லாத எலிகளைப் போல அவற்றுக்கும் பல உறுப்புகளில் அழற்சி வந்தது.

கேள்வி: எல்லா இன்டக்ரினுக்கும் இதே வழிதானா?

இல்லை. ஆல்பா-வி பீட்டா-8ன் வால் ஆக்டினோடு அப்படி இணைவதில்லை. எம்எம்பி-14 நொதி பக்கத்தில் வந்து லேப்பை வெட்டிவிடுகிறது என்பது பழைய விளக்கம். காரணி லேப்பை விட்டு முழுதாக விடுபடாமலே ஏற்பியைத் தொட முடியும் என்று 2020ல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வு ஒன்று சொன்னது.

கேள்வி: செல் வளர்த்த திரவத்தை எலைசாவில் (புரதத்தின் அளவைக் காட்டும் சோதனை) போட்டேன். அமிலம் சேர்த்தால் நிறைய காட்டுகிறது, சேர்க்காவிட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம். எதை நம்புவது, சார்?

இரண்டையும் நம்பலாம், இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடை. அமிலம் லேப்பைக் குலைத்து எல்லாவற்றையும் விடுவிக்கும், எனவே அது மொத்த இருப்பு. சேர்க்காமல் வருவது ஏற்கெனவே விழித்த பங்கு. அப்புறம், ஊடகத்தில் (செல் வளர்க்கும் திரவத்தில்) சீரம் (இரத்தத்திலிருந்து எடுக்கும் தெளிநீர்) சேர்த்திருந்தால் அதிலேயே முடங்கிய டிஜிஎஃப்-பீட்டா இருக்கும். செல் இல்லாத வெறும் ஊடகத்தையும் கூடவே ஓட்டிப் பாருங்கள். உங்கள் செல்கள்தான் எழுப்புகின்றனவா என்று தெரிய வேண்டுமானால், டிஜிஎஃப்-பீட்டா பட்டால் ஒளி தரும்படி மாற்றிய மிங்க் நுரையீரல் செல்களை அவற்றோடு சேர்த்து வளர்ப்பது மேல். விழித்த காரணி திரவத்துக்கு வந்து சேராமல் செல்லின் அருகிலேயே தீர்ந்துவிடலாம்.

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் தழும்பேறும் நோய். டிஜிஎஃப்-பீட்டாதான் காரணம் என்றால் அதை ஒரேயடியாக அடக்கிவிடக் கூடாதா?

உங்கள் தவிப்பு புரிகிறது. தழும்பால் திசு விறைக்கிறது. விறைத்த திசுவில் இழுப்பு நன்றாகப் பிடிபடுவதால் மேலும் காரணி விழிக்கிறது, மேலும் தழும்பு. ஆனால் நோய் எதிர்ப்பு செல்களைக் கட்டுக்குள் வைப்பதும் இதே டிஜிஎஃப்-பீட்டா என்பதால் மொத்தமாக அடக்குவது ஆபத்து. எழுப்பும் கையை மட்டும் தடுக்கலாமே என்று ஆல்பா-வி பீட்டா-6 இன்டக்ரினுக்கு எதிரான ஒரு ஆன்டிபாடியை இதே நோய்க்குச் சோதித்தார்கள். பாதுகாப்புக் கவலையால் சோதனை பாதியில் நின்றது. இப்போதைக்கு மருத்துவர் தரும் மருந்தை விடாமல் தொடரச் சொல்லுங்கள்.

கேள்வி: மற்ற காரணிகளும் இப்படித்தானா?

ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. தசை வளர்ச்சியை அடக்கும் மயோஸ்டேட்டினின் முன்பகுதியை பிஎம்பி-1 வகை நொதிகள் வெட்டும். ஹெச்ஜிஎஃப் என்ற காரணி ஒற்றைச் சங்கிலியாக வெளியே வந்து, வெட்டுப்பட்ட பிறகே வேலை செய்யும். எஃப்ஜிஎஃப்-2 என்ற இன்னொரு காரணி, ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டிக் காத்திருக்கும். எலும்பிலோ டிஜிஎஃப்-பீட்டா ஏராளமாகப் புதைந்திருக்கிறது. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் சுரக்கும் அமிலமும் நொதிகளும் அதை விடுவிக்கின்றன. எலும்பு கட்டும் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள் விடுபட்ட காரணியைப் பின்தொடர்ந்து, அரித்த இடத்துக்கு வந்து சேர்கின்றன.