கிணற்று மேட்டுக் காற்று: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் எடுக்கிற இடங்களில் காற்று எப்படிக் கெடுகிறது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: பெட்ரோலை எரித்தால் புகை வரும், அது புரிகிறது. தரைக்குள்ளிருந்து எடுப்பதில் மட்டும் காற்று கெட என்ன இருக்கிறது?

பூமிக்கடியில் எண்ணெய் தனியாகக் கிடப்பதில்லை. அதோடு மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பென்சீன், டொலுவீன் என்று ஒரு கூட்டமே கரைந்து, அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கிறது. மேலே கொண்டுவந்து சாதாரண அழுத்தத்தில் டேங்கில் விட்டதும், சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி, கரைந்திருந்த வாயுவெல்லாம் பொங்கி வெளியே வருகிறது. டேங்கின் மூடி சரியாக உட்காரவில்லை என்றால் நேராகக் காற்றில்தான் கலக்கும்.

அது ஒரு வழிதான். துளையிடும்போது பெரிய டீசல் எஞ்சின்கள் இரவு பகலாக ஓடும், அவற்றிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடும் கரித்துகளும் வரும். ஃபிராக்கிங், அதாவது அதிக அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்திப் பாறையைப் பிளக்கும் வேலை, செய்த கிணறு என்றால், உள்ளே செலுத்திய தண்ணீர் வாயுவையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வரும் முதல் சில நாட்கள் இன்னும் மோசம். எரிவாயுவில் இருக்கிற ஈரத்தைப் பிரிக்க கிளைக்கால் என்ற திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது ஈரத்தோடு பென்சீனையும் உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் அந்தத் திரவத்தைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தும்போது பென்சீன் ஆவியாகப் போய்விடும். எனக்கு ரொம்ப வியப்பாக இருந்த விஷயம் வேறு. மின்சார வசதி இல்லாத கிணறுகளில் வால்வுகளைத் திறந்து மூடும் கருவிகள் அந்த எரிவாயுவின் அழுத்தத்திலேயே இயங்குகின்றன, ஒவ்வொரு முறை இயங்கும்போதும் கொஞ்சம் வாயுவை வெளியே விடுகின்றன. பழுதாகி ஒழுகுவதல்ல இது, அவற்றை வடிவமைத்ததே அப்படித்தான்.

கேள்வி: ஓசோன் என்றால் பெரிய நகரம், கோடை வெயில், வாகன நெரிசல் என்றுதான் படித்திருக்கிறேன். ஆள் நடமாட்டமே இல்லாத எண்ணெய் வயலில், அதுவும் பனிக்காலத்தில், ஓசோன் ஏறியது என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். முதலில் விஞ்ஞானிகளே நம்பச் சிரமப்பட்ட கதை இது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அப்பர் கிரீன் ரிவர் பள்ளத்தாக்கு என்று ஒரு பகுதி. மக்கள்தொகை சொற்பம், சுற்றிலும் மலை, நடுவில் ஆயிரக்கணக்கில் எரிவாயுக் கிணறுகள். அங்கே 2008 பிப்ரவரியில், உறைபனிக் குளிரில், எட்டு மணி நேர ஓசோன் சராசரி நூறு கோடிக்கு 120 பங்கைத் தாண்டியது. அதே ஆண்டு அமெரிக்க அரசு நிர்ணயித்த வரம்பு 75 பங்கு. 2015இல் அதை 70 ஆகக் குறைத்தார்கள்.

ஓசோனை யாரும் குழாய் வழியாக வெளியே விடுவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடும், புரொப்பேன், டொலுவீன் போன்ற ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் சூரிய ஒளியில் வினைபுரிந்து உருவாவது அது. குளிர்காலத்தில் வெயில் பலவீனம்தான், ஆனால் தரை முழுக்க வெள்ளைப் பனி இருந்தால் மேலிருந்து வரும் புறஊதாக் கதிர் பட்டுத் திரும்பிப் போகிறது, அதாவது அதே காற்றுக்கு இரண்டு முறை வெயில் அடிக்கிறது. கூடவே அந்தப் பனி தரையைச் சில்லென்று வைத்திருப்பதால் குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிடும், மேலே இருக்கிற சூடான காற்று மூடி போட்டுவிடும். கிணறுகளிலிருந்து வருவதெல்லாம் அந்த மெல்லிய அடுக்குக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

பனிதான் காரணமா என்ற சந்தேகத்தை யூட்டா மாநிலத்தின் யின்டா பள்ளத்தாக்கு தீர்த்துவைத்தது. 2012 குளிர்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் கருவிகளோடு போய் உட்கார்ந்தார்கள், அந்த வருடம் பனியே சரியாக விழவில்லை, ஓசோனும் ஏறவில்லை. அடுத்த வருடம் பனி கொட்டியது, ஓசோன் 140ஐத் தாண்டியது. கிணறுகள் இரண்டு வருடமும் அங்கேதான் இருந்தன. வேதியியல் ஆய்வகத்தில் வேண்டுமென்றே அமைத்தால்கூட இவ்வளவு தெளிவான ஒப்பீடு கிடைக்காது.

கேள்வி: நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடும்போது, காற்றில் இருப்பது வாகனப் புகையா கிணற்று வாயுவா என்று எப்படிப் பிரிப்பார்கள்? கம்பெனிக்காரர்கள் "அது லாரிப் புகை" என்று சொல்லிவிட மாட்டார்களா?

சொல்வார்கள், சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் காற்றுக்கு ஒரு ரேகை உண்டு. பென்டேன் என்ற சேர்மம் ஐசோ, நார்மல் என இரண்டு வடிவத்தில் வரும். பெட்ரோல் வாகனங்கள் அதிகமுள்ள நகரக் காற்றில் ஐசோ வடிவம் நார்மலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். கிணற்று வாயுவில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் காற்றில் சிதைவதால், கொஞ்ச தூரம் பயணித்து வந்தாலும் அந்த விகிதம் பெரிதாக மாறாது. அதைப் பார்த்து எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துவிடலாம். புரொப்பேன், ஈத்தேன் அதிகமாக இருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

கொலராடோவில் 300 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றிலிருந்து காற்று மாதிரி எடுத்து அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இதைத்தான் செய்தது. எண்ணெய் வயல் பக்கமிருந்து காற்று வீசியபோது இந்தச் சேர்மங்கள் ஏறின. 2012இல் வெளியான அந்த ஆய்வு, அந்த வயலில் எடுக்கும் எரிவாயுவில் சுமார் 4 சதவீதம் வீணாகக் காற்றில் போவதாகக் கணக்கிட்டது.

கேள்வி: கம்பெனி தரும் அறிக்கையில் கசிவு மிகக் குறைவு என்று இருக்கிறது, ஆராய்ச்சியாளர்கள் அதிகம் என்கிறார்கள். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார்கள்தானே?

பெரும்பாலும் பொய் தேவைப்படுவதில்லை. அறிக்கை எப்படித் தயாராகிறது என்று பாருங்கள்: ஒரு வால்வு ஆண்டுக்கு இவ்வளவு ஒழுகும் என்று ஒரு சராசரி எண், எங்களிடம் இத்தனை வால்வு, பெருக்கு, முடிந்தது. யாரும் கிணற்றுப் பக்கம் போய் அளக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நிஜத்தில் கசிவு எல்லாக் கருவியிலும் சமமாக இருப்பதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் கண்டது, கசிவுகளில் வெறும் 5 சதவீதம்தான் மொத்த அளவில் பாதிக்கு மேல் காரணம் என்று. திறந்தே கிடக்கும் ஒரு டேங்க் மூடி, மாட்டிக்கொண்ட ஒரு வால்வு, இந்த மாதிரி சிலதுதான். சராசரியைப் பெருக்கிப் போடும் கணக்கில் இவை சிக்குவதே இல்லை.

விமானத்திலும் தரையிலும் அளந்ததை எல்லாம் தொகுத்து 2018இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2015இல் அமெரிக்க எண்ணெய், எரிவாயுத் துறை வெளியே விட்ட மீத்தேன் சுமார் 1.3 கோடி டன், உற்பத்தியில் 2.3 சதவீதம். அரசின் சுற்றுச்சூழல் முகமை போட்ட கணக்கைவிட சுமார் 60 சதவீதம் அதிகம். மீத்தேன் 20 வருடக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். என் கட்சி இதுதான்: எந்தத் தரப்பு எண்ணைக் காட்டினாலும், அளந்ததா, பெருக்கியதா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: வாயுவைக் குழாய் உச்சியில் எரித்துவிடுகிறார்களே, அது நல்லதுதானே?

அப்படியே விடுவதைவிட நல்லது, சந்தேகமில்லை. ஆனால் இங்கேயும் அதே கதை. ஃபிளேர் என்ற அந்தத் தீக்குழாய் வாயுவில் 98 சதவீதத்தை எரித்துவிடும் என்றுதான் கணக்கில் எழுதுவது வழக்கம். 2022இல் வெளியான ஆய்வுக்காக டெக்சாஸ், வடக்கு டகோட்டா எண்ணெய் வயல்களில் விமானத்தில் பறந்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 91 சதவீதம். ஏழு சதவீத வித்தியாசம் சின்னதாகத் தெரியும். எரியாமல் தப்பிப்பது 2 என்று நினைத்த இடத்தில் 9 என்று மாற்றிப் படியுங்கள், நாலு மடங்குக்கு மேல். சில ஃபிளேர்கள் அணைந்தே கிடந்தன என்பதும் ஒரு காரணம். தீ தெரியாத ஃபிளேர் என்றால் புகையில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம்.

கேள்வி: எங்களுக்கு வாசனை எதுவும் வருவதில்லை. அப்போது பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. வீட்டுக்கு வரும் எரிவாயுவில் நாம் முகர்வது பிற்பாடு கலக்கும் பொருளின் நாற்றம், கிணற்றடியில் அது இருக்காது. ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசமான ஆள். மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் அங்கிருந்து கிளம்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

கேள்வி: கர்ப்பிணிப் பெண்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கலாமா? எவ்வளவு தூரம் பாதுகாப்பு?

பென்சில்வேனியாவில் 2004 முதல் 2013 வரை பிறந்த 11 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு 2017இல் வந்தது. ஃபிராக்கிங் கிணற்றுக்கு 1 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் அதிகம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பாதிப்பு உண்டு, ஆனால் குறைவு. 3 கிலோமீட்டருக்கு அப்பால் தெரியவில்லை. கிணறு வருவதற்கு முன்னும் பின்னும், பக்கத்திலும் தூரத்திலும் ஒப்பிட்டிருக்கிறார்கள், ஒரே தாயின் பிள்ளைகளையும் ஒப்பிட்டிருக்கிறார்கள், அதனால் ஏழைகள் பக்கத்தில் வாழ்வதால்தான் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. காற்றா, தண்ணீரா, சத்தமா, எது காரணம் என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. கொலராடோ 2020இல் வீடுகளுக்கும் புதுக் கிணறுகளுக்கும் இடையே 2,000 அடி, கலிபோர்னியா 2022இல் 3,200 அடி என்று விதி வகுத்தன. 3,200 அடி என்பது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். ஏற்கெனவே பக்கத்தில் இருப்பவர் மருத்துவரிடம் இதைச் சொல்லிவைக்கட்டும், அது வீண்பேச்சு ஆகாது.

கேள்வி: ஆன்லைனில் விற்கும் காற்றுத்தர மீட்டர் ஒன்று வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டால் போதுமா?

அந்த மீட்டர்களில் பெரும்பாலானவை நுண்துகளை மட்டும்தான் எண்ணும். பென்சீனும் மீத்தேனும் அதன் முன்னாலேயே போனாலும் பச்சை விளக்குதான் எரியும். கரிமச் சேர்மம் காட்டும் என்று விற்கும் மலிவு மாடல்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும், பெயின்ட் அடித்தாலும் ஏறும்.

உருப்படியான வழி, மூடிய உலோகக் குடுவையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. 24 மணி நேரம் மெதுவாக இழுக்கும் மாதிரியில், பத்து நிமிடம் வந்துபோன உச்சம் சராசரியில் கரைந்துவிடும். அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் கிணறுகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களே பயிற்சி எடுத்து, நாற்றமோ தலைசுற்றலோ வந்த நேரத்தில் சட்டென்று மாதிரி பிடித்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில் பல மாதிரிகளில் பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவை அரசு வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தன. குடுவைக்குப் பணமில்லை என்றாலும் ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து, கிணற்றில் அப்போது என்ன வேலை நடந்தது, வீட்டில் யாருக்கு என்ன செய்தது. பின்னால் யாராவது கருவியோடு வந்தால், எந்த நேரத்தில் எங்கே வைப்பது என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.