கசவா, பட்டா? கல்யாணப் படம் பற்றிக் கேள்வி பதில்

செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மாதத்தில் பாதி முகூர்த்தம் தென்காசிப் பக்கம், மீதி மலை தாண்டிக் கேரளத்துப் புனலூர்ப் பக்கம். எங்கள் ஊர் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று, அதுவரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான், அதனால் மலைக்கு இரண்டு புறமும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றுவரை நடக்கிறது. இந்த வாரம் வந்த கேள்விகளிலும் அந்த வாசனைதான்.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு புனலூர். தாலி கட்டும்போது சரிகைக் கரை போட்ட கேரளக் கசவுப் புடவை வேண்டும் என்கிறார்கள் அவர்கள், அரக்குப் பட்டுதான் என்று நிற்கிறார் அம்மா. படத்தில் எது நன்றாக வரும்?
- வாசகி, செங்கோட்டை

இரண்டும் வரும், ஆனால் இரண்டுக்கும் ஒரே வெளிச்சம் ஆகாது. பாலராமபுரம் கைத்தறிக் கசவை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள், அது சுத்த வெள்ளை கிடையாது. காய்ச்சிய பாலில் ஆடை படிந்ததும் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது அந்த நிறத்தை வெளுத்து, சில நேரம் லேசாக நீலமும் ஏற்றிவிடும். அதோடு, இவ்வளவு வெள்ளை இருக்கிறதே என்று படத்தையே இருட்டாக்கும், அந்த இருட்டு பெண்ணின் முகத்தில் வந்து விழும். கசவு எடுத்துப் பழகியவர் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரண்டு மடங்கு வரை, கூட்டி வைப்பார், சரிகைக் கரை வெளுத்துப்போகாமலும் பார்த்துக்கொள்வார். பேசி முடிக்கும் முன், மண்டபத்துக்குள் எடுத்த கசவுப் படம் நாலு காட்டுங்கள் என்று கேளுங்கள். வெளியில் வெயிலில் எடுத்தது வேண்டாம், அது யார் எடுத்தாலும் வரும்.

இதைவிடப் பெரிய தொல்லை மேடை விளக்கு. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் நிலவிளக்கு, நெல் நிரப்பிய நிறபறை, அதில் செருகிய தென்னம்பூ என்று மேடை கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது, பின்னால் இருந்து இரண்டு ஊதா எல்இடி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளைத் துணி எந்த நிறம் பட்டாலும் வாங்கிக்கொள்ளும், புடவை முழுக்கக் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது, கன்னமும் அப்படியே. லைட் போடுகிற தம்பியிடம் ஓடிப்போய், பத்தே நிமிஷம் அந்த ஊதா இரண்டையும் அணைத்துவிடப்பா என்று கெஞ்சினேன். அணைத்ததும் விளக்குத் திரியின் மஞ்சள் அந்தப் பெண்ணின் தாடையில் ஏறியது பாருங்கள், அந்த ஒரு படத்தைத்தான் அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். முகூர்த்த நேரத்துக்குக் கலர் லைட் கூடாது என்று அலங்காரக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் காலையில் கசவு, மாலை வரவேற்புக்கு அரக்குப் பட்டு. பட்டின் அடர்ந்த நிறம் மேடை வெளிச்சத்தைத் தாங்கும், ஜரிகையும் அப்போதுதான் மின்னும். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் அவர் சொல்வதையே கேளுங்கள், அவர் முகம் வாடினால் அதுவும் படத்தில் தெரியும்.

பதிமூன்று கண் பாலத்தில் தண்டவாளத்தின் மேல் கைகோத்து நடப்பது போல் ஒரு படம் எடுக்க ஆசை. முடியுமா?
- வாசகர், தென்காசி

மேலே ஏறவே ஏறாதீர்கள். அந்தப் பாலம் இருக்கும் கொல்லம் - செங்கோட்டை பாதை 2018இல் அகலப்பாதையாகத் திறந்து ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. அனுமதியில்லாமல் ரயில்வே இடத்துக்குள் போவது 1989ஆம் வருஷ ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் குற்றம், 6 மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வரலாம். சட்டம் இருக்கட்டும், கல்யாணம் நிச்சயமான இரண்டு பிள்ளைகளை வளைவில் ரயில் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு என்னால் கேமராவுக்குள் கண்ணை வைக்க முடியாது. அந்தப் பாலத்தின் அழகே கீழே இருந்து பார்க்கும் கல் வளைவுகளில்தான் இருக்கிறது. சாலையோரம் நின்று எடுத்தாலே போதும்.

அப்புறம், ஊரிலேயே இருப்பதை விட்டுவிடாதீர்கள். நமக்கு ஆடி, கேரளக்காரர்களுக்குக் கர்க்கடகம், இரண்டு பக்கமும் முகூர்த்தம் இல்லாத மாதம், படம் எடுக்க அதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் மேகம் வந்து வெயிலை வடிகட்டிக் கொடுக்கும், முகத்தில் கறுப்பு நிழலே விழாது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கிற பருவமும் அதுதான். முற்றிய பூ சூரியனோடு சுற்றாது, பெரும்பாலும் கிழக்கு பார்த்தே நிற்கும். அதனால் மாலையில் போங்கள். படம் எடுப்பவர் கிழக்கே நின்றால் பூவெல்லாம் கேமராவைப் பார்க்கும், மேற்கு வெயில் உங்கள் இரண்டு பேர் தலைமுடியிலும் பொன் கோடு போடும், கண்ணும் கூசாது. வயல்காரரைக் கேட்காமல் இறங்க வேண்டாம், மிதிபடுவது அவருடைய வெள்ளாமை.

மூத்தவள் கல்யாணத்தில் கேண்டிட், அதாவது போஸ் இல்லாமல் இயல்பாக எடுப்பது, என்று சொல்லி வளையல், மருதாணி, செருப்பு என்று நூறு படம் கொடுத்தார்கள். என் மாமியார் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. சின்னவளுக்காவது இது நடக்காமல் இருக்க என்ன செய்ய?
- ஒரு தாய், கடையநல்லூர்

படிக்கவே கஷ்டமாக இருந்தது அம்மா. பெரியவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதி, சொந்தம் அத்தனை பேரையும் தெரிந்த ஒரு சித்தப்பா கையில் கொடுத்து, படம் எடுப்பவர் பக்கத்திலேயே நிறுத்துங்கள். தாலி கட்டி முடித்து, பந்திக்குக் கூட்டம் கிளம்பும் முன் அரை மணி நேரத்தில் குடும்பப் படம் முடிந்துவிட வேண்டும். முடியாதவர்களை மேடையேற்றாதீர்கள், மாப்பிள்ளையும் பெண்ணும் அவர் நாற்காலிக்குப் போகட்டும். அந்தப் படம் இன்னும் நன்றாக வரும்.

கேண்டிட் என்பதையும் வெறுத்துவிடாதீர்கள். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்றதை நாத்தனார் போடும்போது, ஜடையைத் தூக்கிப் பிடித்திருப்பது யாருடைய கை என்று பாருங்கள், பெரும்பாலும் ஒரு அத்தையோ சித்தியோ கண் கலங்கி நிற்பார். வகிட்டில் குங்குமம் வைத்த ஒரு கல்யாணத்தில் துளி பொடி பெண்ணின் மூக்கில் விழுந்தது. அந்தப் பையன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துச் சுண்டுவிரலால் மெல்லத் துடைத்துவிட்டான். காதலை நான் அங்கேதான் பார்த்தேன். நெற்றியோடு நெற்றி ஒட்டி நில்லுங்கள் என்று நான் சொல்லி வைக்கிற எந்தப் படத்திலும் அது வராது.

படங்களை ஹார்ட் டிஸ்க்கில் கொடுத்தால் போதாதா? ஆல்பத்துக்கு ஏன் தனிச் செலவு?
- கடைக்காரர், ஆரியங்காவு

போதாது அண்ணாச்சி. என் கல்யாணத்தை எடுத்தவர் வைத்திருந்த ஒரே டிஸ்க் பழுதாகிப் போனது. என் அப்பா அன்று சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது, அதுவும் மாமா வீட்டில் பிரேம் போட்டு மாட்டியிருந்ததால். பெரிய ஆல்பம் வேண்டாம், ஐம்பது படம் தாளில் இருக்கட்டும். டிஸ்க்கை இரண்டாக வாங்குங்கள். ஒன்று உங்கள் பீரோவில், இன்னொன்று சம்பந்தி வீட்டில்.